துளசியின் இடது முட்டி

தன் இடது முட்டியைப் பற்றித் துளசி ஒரே ஒருத்தியிடம்தான் சொன்னாள். அந்த ஒருத்தி புவனேஸ்வரி. பிறகு நடந்ததற்கெல்லாம் ஊரே புவனேஸ்வரியைக் கைகாட்டியபோது, நான் இல்லை என்று அவளால் முழுசாகச் சொல்ல முடியாமல் போனது அதனால்தான்.

புவனேஸ்வரி என்ற பெயர் பலருக்குத் தெரியாது. முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். பத்தொன்பது வருடம் டிவி தொடர்களில் நடித்தவள். நர்ஸ், ஏட்டம்மா, வட்டிக்காரி, கல்யாண வீட்டில் வம்பு பேசுகிற பெரியம்மா என்று எது கொடுத்தாலும் செய்வாள். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்து வீட்டிலிருந்து காலை ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்துச் சென்னைக்குப் போய், இரண்டு வரி வசனம் பேசிவிட்டுத் திரும்புவாள். பட்டு நூலுக்குச் சாயம் போடுகிற அவள் கணவர் ராமலிங்கம் அந்த நாட்களில் சமையலையும் பார்த்துக்கொண்டார். சிவப்பும் மஞ்சளும் ஏறிய விரல்களோடு அவர் சோறு வடிப்பதைப் பார்த்துத் தெருவில் சிரித்தவர்கள் உண்டு. அவர் கண்டுகொண்டதில்லை.

முப்பத்தேழாவது வயதில் அவளுக்குக் குணவதி அத்தை வேடம் கிடைத்தது. ஆறு வருடம் ஓடிய தொடர் அது. குணவதி அத்தை மருமகளின் பாலில் மருந்து கலப்பாள், கொழுந்தனின் கையெழுத்தைத் தானே போடுவாள், கோவிலில் நின்றுகொண்டே பொய்ச்சத்தியம் செய்வாள். வேலையை முடித்துவிட்டு வலது உதட்டை மட்டும் லேசாக இழுத்து ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பு அவளை வீடுவீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. மார்க்கெட்டில் ஒரு காய்கறிக்காரம்மா தராசைக் கீழே வைத்துவிட்டு, "அந்தப் பொண்ண அவ்ளோ கொடுமை பண்றியே, உனக்குக் கத்திரிக்கா ஒரு கேடா" என்றாள். காமாட்சியம்மன் கோவில் வரிசையில் ஒரு பெண் தன் கைக்குழந்தையின் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து புவனேஸ்வரி இதையெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். குழந்தையின் முகத்தை மூடியதை மட்டும் சிரிக்காமல் சொன்னாள்.

அந்தத் தொடரில் அவளுக்குக் கணவனாக நடித்தவன் உதயகுமார். அவளிடம் அறை வாங்கிக்கொண்டு, கண்ணில் நீர் தளும்ப, வாய் திறக்காமல் நிற்கிற நல்ல மனிதன் வேடம். போகிற இடமெல்லாம் வயதான பெண்கள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் சொல்வார்கள். ஆறு வருடத்தில் இருவரும் நல்ல சிநேகிதர்கள் ஆகிவிட்டிருந்தார்கள். ஒரே கேரியரில் சாப்பிட்டார்கள். உதயகுமாரின் அம்மா செத்தபோது, உறவுக்காரர்களுக்கு முன்னால் போய் நின்றது புவனேஸ்வரியும் ராமலிங்கமும்தான்.

தொடர் முடிந்தது. குணவதியின் முகத்தை மக்கள் மறக்கட்டும், கொஞ்ச நாள் போகட்டும் என்று இயக்குநர்கள் சொன்னார்கள். ஒரு வருடம் வேலை இல்லை.

அந்தப் பொங்கலுக்கு முசரவாக்கத்தில் பெண்கள் கபடிப் போட்டி நடந்தது. பரிசு கொடுக்க அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். மைக் பிடிக்க வேண்டியவருக்குத் தொண்டை கட்டிப்போக, சும்மா உட்கார்ந்திருந்த புவனேஸ்வரி மைக்கை வாங்கினாள். பள்ளிக்கூடத்தில் நான்கு வருடம், பாடி வருகிறவளின் காலைப் பிடிக்கிற ஓரத்து இடமான கார்னரில் நின்று ஆடியவள் அவள். பாடி வருகிறவளின் எந்தக் கால் முதலில் தரையை விடும் என்று அவளுக்குத் தெரியும். "பாருங்க, தோளைத்தான் காட்டுறா, காலை மறைக்கிறா, இதோ பின்னால ஒரு ஒதை வரும்" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் அந்த உதை வந்தது. உதைத்தவள் அதே ஊர்ப் பெண் துளசி. பத்தொன்பது வயது. யாரோ எடுத்துப் போட்ட அந்த இரண்டு நிமிடக் காட்சியை லட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள்.

ஒரு விளையாட்டு சேனல் கூப்பிட்டது. மாநிலப் பெண்கள் கபடி லீக்கைத் தமிழில் ஒளிபரப்பப்போகிறார்கள், வர்ணனை செய்ய வர முடியுமா என்று கேட்டார்கள். தயாரிப்பாளர் தன்வீர் காஞ்சிபுரத்துப் பையன். ஒலிமுகமது பேட்டையில் அவனுடைய வீடு. பக்கத்து நாற்காலிக்கு யாரைப் போடலாம் என்று அவன் யோசித்தபோது புவனேஸ்வரிதான் உதயகுமார் பெயரைச் சொன்னாள்.

"சாருக்குக் கபடி தெரியுமா மேடம்?" என்றான் தன்வீர்.

"காலேஜ்ல ஆடியிருக்குறாரு. தெரியாதத நான் சொல்லித் தரேன். நல்ல குரல் தம்பி, வீட்ல சும்மா ஒக்காந்துக்கினு இருக்குறாரு."

இரண்டு வருடம் நன்றாகப் போயிற்று. புவனேஸ்வரி ஆட்டத்தைச் சொல்வாள். உதயகுமார் இடைவேளையில் திரையில் பேனாவால் வட்டமும் அம்புக்குறியும் போட்டு, யார் எந்தப் பக்கம் திரும்பினார்கள், ஏன் பிடிபட்டார்கள் என்று விளக்குவான். பஸ்ஸில் பள்ளிக்கூடப் பெண்கள் அவளை அக்கா என்று கூப்பிட்டு செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். மார்க்கெட்டில் காய்கறிக்காரம்மா, "எங்க பாலாறு டீம் ஜெயிக்குமாம்மா?" என்று கேட்டாள். பத்தொன்பது வருடம் மற்றவர்கள் எழுதிக் கொடுத்ததைப் பேசியவளுக்கு, தன் கண்ணால் பார்த்ததைத் தன் வாயால் சொல்வது இத்தனை சந்தோஷமாக இருக்கும் என்று தெரியாமல் போயிருந்தது.

இந்த வருடம் லீக்கின் அரையிறுதியும் இறுதிப் போட்டியும் காஞ்சிபுரத்திலேயே நடந்தன. ஏனாத்தூர் போகிற வழியில் ஒரு கல்லூரியின் உள்ளரங்கம். அரையிறுதியில் பாலாறு அணியும் வைகை அணியும் மோதின. துளசி பாலாறு அணிக்காக ஆடினாள். இப்போது மாநிலத்திலேயே அதிகப் புள்ளி எடுத்தவள் அவள்தான்.

அரையிறுதிக்கு முந்தின நாள் காலை புவனேஸ்வரி பயிற்சியைப் பார்க்கப் போயிருந்தாள். துளசி அவளை அரங்கத்துக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கூட்டிப்போனாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். யார்கிட்டயும் சொல்லக்கூடாது."

"சொல்லும்மா."

"லெஃப்ட் முட்டி போயிருக்குதுக்கா. லிகமென்ட் பாதி கிழிஞ்சிருக்குதாம். ஸ்கேன் எடுத்துப் பாத்தேன். மூணு வாரம் கால ஊனவே கூடாதுன்னாரு டாக்டரு."

"கோச்சுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா வெளிய ஒக்கார வெச்சுடுவாரு. நாளைக்கு இந்தியா கேம்புக்கு ஆள் எடுக்கறவங்க வராங்க. இந்த ஒரு மேட்ச் ஆடிட்டேன்னா போதும். கேம்புக்குப் போனா போலீஸ்ல வேலை வரும்னு சொல்லிக்கினு இருக்குறாங்க. எங்கம்மாவுக்குக்கூட முட்டி விஷயம் தெரியாது."

"அப்ப என்கிட்ட ஏன் சொல்றே?"

"நீங்க கண்டுபிடிச்சிடுவீங்கக்கா. நான் எடது பக்கம் திரும்பாம பாடினா மத்தவங்களுக்குப் புரியாது. நீங்க கார்னர் ஆடினவங்க. துளசி ஏன் எடது பக்கம் போகலன்னு மைக்ல கேட்டுட்டீங்கன்னா, வைகை டீம் ஆளு வெளிய டிவியப் பாத்துக்கினு இருப்பான். உள்ள போய் சொல்லிடுவான்."

புவனேஸ்வரி அந்த முட்டியைப் பார்த்தாள். கட்டு எதுவும் இல்லை. கொஞ்சம் வீங்கியிருந்தது, அவ்வளவுதான். "ஆடாதம்மா" என்று ஒரு தடவை சொன்னாள். துளசியின் முகம் மாறியதைப் பார்த்து இரண்டாவது தடவை சொல்லவில்லை. "சரி, நான் சொல்ல மாட்டேன்" என்றாள்.

மறுநாள் மதியம் மேக்கப் அறையில்தான் அவளுக்கு உதயகுமாரின் நினைவு வந்தது. தான் வாயை மூடிக்கொண்டால் போதுமா. இடைவேளையில் இவன் பேனாவை எடுத்து, துளசி எட்டு முறை பாடினாள், எட்டு முறையும் வலது பக்கமே திரும்பினாள் என்று அம்புக்குறி போட்டுக் காட்டிவிட்டால் என்ன ஆகும்.

"உதயா, இன்னைக்கு துளசி கால் பக்கம் பேனாவக் கொண்டு போகாத."

"ஏன்?"

"வேணாம்னா உட்டுடேன்."

"காரணம் தெரியாம எப்படி புவனா? அவள வெச்சுதான் இன்னைக்கு அனாலிசிஸே."

ஆறு வருடம் பெண்டாட்டியாக நடித்திருக்கிறாள். அவன் அம்மாவின் சாவுக்கு முதல் ஆளாக நின்றிருக்கிறாள். இவனிடம் என்ன ஒளிப்பது என்று அவளுக்குத் தோன்றியது. சொன்னாள்.

உதயகுமார் கண்ணாடியில் தன் பவுடரைச் சரிசெய்துகொண்டே கேட்டான். "பாவம், சின்னப் பொண்ணு" என்றான். "நான் பாத்துக்கறேன், நீ கவலப்படாத."

ஆட்டம் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆரம்பித்தது. முதல் பாதியில் துளசி ஒன்பது புள்ளி எடுத்தாள். வலது பக்கமாகவே போய் வலது பக்கமாகவே திரும்பினாள். ஆனால் அது தெரியாத மாதிரி ஒவ்வொரு தடவையும் இடது தோளை ஆட்டிக் காட்டினாள். வர்ணனைக்கான கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருந்த புவனேஸ்வரிக்கு அதைப் பார்க்கப் பெருமையாகவும் பயமாகவும் இருந்தது. இடைவேளையில் உதயகுமார் துளசியை விட்டுவிட்டு மற்ற இரண்டு பேரைப் பற்றிப் படம் போட்டு விளக்கினான். விளம்பரம் வந்ததும், "டீ குடிச்சிட்டு வரேன்" என்று ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே போனான். நான்கு நிமிடத்தில் வந்துவிட்டான்.

இரண்டாவது பாதியில் வைகை அணி வேறு மாதிரி நின்றது. அவர்களுடைய கார்னர் ரேவதி கணுக்காலைப் பிடிப்பதில் பேர் வாங்கியவள். அவள் கணுக்காலை விட்டுவிட்டு, முதல் முறை துளசி பாட வந்தபோது முட்டிக்குப் பாய்ந்தாள். இடது முட்டி. துளசி உதறிக்கொண்டு திரும்பினாள். இரண்டாவது முறையும் இடது முட்டிக்கே வந்தாள்.

"ரேவதி இன்னைக்கு கணுக்காலை விட்டுட்டு முட்டிக்கு வராங்க, இது அவங்க பழக்கம் இல்லையே" என்று புவனேஸ்வரி மைக்கில் சொன்னாள்.

மூன்றாவது முறை ரேவதி முட்டியைக் கட்டிக்கொண்டு உருண்டாள். மேலே இன்னும் இரண்டு பேர் விழுந்தார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சத்தம் எதுவும் கேட்கவில்லை. துளசியின் வாய் திறந்ததும், நடுவர் இரண்டு கையையும் ஆட்டியதும் மட்டும் தெரிந்தன. புவனேஸ்வரி பாதி வாக்கியத்தில் விட்டுவிட்டு எழுந்து கண்ணாடி அருகே போனாள். அந்த இடத்தை உதயகுமார் தன் கனிந்த குரலால் நிரப்பினான். "எதிர்பாராத ஒரு விபத்து. விளையாட்டில் இதெல்லாம் சகஜம். துளசி சீக்கிரம் நலம்பெற நாமெல்லாரும் வேண்டிக்கொள்வோம்."

ஸ்ட்ரெச்சரில் போகும்போது துளசி தலையைத் திருப்பிக் கண்ணாடி அறையைப் பார்த்தாள்.

அன்று இரவு ஆஸ்பத்திரியில் யாரையும் உள்ளே விடவில்லை. மறுநாள் காலை புவனேஸ்வரி போனபோது அவளோடு உதயகுமாரும் வந்தான். துளசியின் அம்மா மணியம்மாள் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். முட்டி முழுசாகப் போய்விட்டது, ஆபரேஷன் செய்ய வேண்டும், இனிமேல் ஆடுவதைப் பற்றி இப்போது எதுவும் சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

துளசி உதயகுமாரைப் பார்க்கவேயில்லை. "உங்க ஒருத்தர்கிட்டதான் சொன்னேன்" என்றாள். "எங்கம்மாகிட்டகூட சொல்லல."

புவனேஸ்வரி வாய் திறப்பதற்குள் உதயகுமார் அவள் தோளைத் தொட்டு, "அப்புறம் பேசலாம் புவனா, பொண்ணு டயர்டா இருக்குது" என்று வெளியே கூட்டிவந்துவிட்டான். வராந்தாவில் அவள் நேராகவே கேட்டாள்.

"நீ யார்கிட்டயாவது சொன்னியா?"

"நானா? நான் யார்கிட்ட சொல்லப்போறேன்? அவங்க கோச் பழைய ஆளு, பாத்தாலே தெரிஞ்சிருக்கும்." அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். தொடரில் பிடித்துக்கொள்கிற மாதிரியே. அவள் நம்பினாள்.

சாயங்காலத்துக்குள் செய்தி பரவிவிட்டது. முட்டி விஷயம் வர்ணனை சொல்கிற அக்காவுக்கு மட்டும்தான் தெரியும் என்று, துளசியைப் பார்த்துவிட்டு வந்த பாலாறு அணியின் கேப்டன் ஒரு பேட்டியில் சொல்லிவிட்டாள். பெயரைச் சொல்லவில்லை. தேவையும் இருக்கவில்லை. குணவதி அத்தை பாலில் மருந்து கலக்கிற காட்சியை எடுத்து, டம்ளருக்கு மேல் துளசியின் படத்தை ஒட்டி யாரோ போட்டார்கள். அடுத்து அந்த உதட்டுச் சிரிப்பு. ஒரே நாளில் அது ஊர் முழுக்கப் பரவியது. புவனேஸ்வரி ஏன் அப்படிச் செய்யவேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. குணவதி எதற்கும் காரணம் சொன்னதில்லையே. ராமலிங்கத்திடம் சாயப் பட்டறையில் ஒருவர், "உங்க வீட்டம்மா நடிப்பையெல்லாம் நிஜத்துலயும் காட்டுறாங்கபோல" என்று சொல்லியிருக்கிறார். ராமலிங்கம் ஈர நூலைப் பிழிந்தபடி, "அது என் பொண்டாட்டி, வாயப் பாத்துப் பேசு" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார்.

அவளுக்காக ஒருவன் பேசினான். உதயகுமார். ஒரு யூடியூப் சேனலில் அவன் தந்த பேட்டியைத் தன்வீர் அனுப்பிவைத்தான். நல்ல மனிதனின் அதே ஈரமான கண்கள். "புவனா ரொம்ப நல்லவங்க. பத்து வருஷமா எனக்குத் தெரியும். வேணும்னே செஞ்சிருக்க மாட்டாங்க. பேச்சுவாக்குல யார்கிட்டயோ வாய் தவறியிருக்கலாம். மனுஷங்கதானே, மன்னிச்சு விட்டுடுங்க."

புவனேஸ்வரி அதை மூன்று முறை பார்த்தாள். முதல் முறை பார்த்தபோது நன்றியாக இருந்தது. மூன்றாவது முறை பார்த்தபோதுதான், இவன் என்னைக் காப்பாற்றவில்லை, குற்றத்தை என் பெயரில் எழுதி முடித்திருக்கிறான் என்று புரிந்தது.

அதற்கு மறுநாள் காலை ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். முகத்தைத் துப்பட்டாவால் பாதி மூடியிருந்தாள். வைகை அணியின் ரேவதி. உள்ளே வந்து உட்கார்ந்ததும் அழ ஆரம்பித்தாள். தறிச் சத்தம் பக்கத்து வீட்டிலிருந்து விடாமல் வந்துகொண்டிருந்ததால் புவனேஸ்வரி அவளுக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார வேண்டியிருந்தது.

"முட்டி கிழிஞ்சிருக்குதுன்னு எங்ககிட்ட சொல்லலக்கா. எடது கால்ல லேசா வலியாம், அங்க போன்னு சொன்னாங்க. தெரிஞ்சிருந்தா நான் அப்படிப் புடிச்சிருக்க மாட்டேன்."

"யாரும்மா சொன்னது?"

"எங்க கோச். அவருக்கு எங்க மேனேஜர் சொன்னாரு. மேனேஜர்கிட்ட உதய் சார் சொன்னாரு. ஆஃப் டைம்ல, டீ வெச்சிருந்த எடத்துல. நான் தண்ணி புடிக்கப் போயிருந்தேன், என் கண்ணால பாத்தேன்." அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "வெளிய சொல்லிடாதீங்கக்கா. டீம்ல இருந்து தூக்கிடுவாங்க. எங்க வீட்ல நான் ஒருத்திதான் வேலைக்கிப் போறவ. மனசு கேக்கல, அதான் வந்தேன்."

இன்னொரு ரகசியம். புவனேஸ்வரி அவளுக்குக் காபி போட்டுக் கொடுத்தாள். இந்த முறை ராமலிங்கத்திடம்கூடச் சொல்லவில்லை.

இறுதிப் போட்டி ஞாயிற்றுக்கிழமை. தன்வீர் போன் செய்தான். அவளை வர்ணனைக்கு உட்கார வைக்க முடியாது, மேலிடம் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஆட்டத்துக்கு முன்னால் இரண்டு நிமிடம் வந்து மன்னிப்புக் கேட்டால் பிரச்சினை அடங்கிவிடும் என்று நினைக்கிறார்கள். எழுதித் தருவார்கள், படித்தால் போதும்.

ஞாயிறு மூன்று மணிக்கே அவள் அரங்கத்துக்குப் போய்விட்டாள். மேக்கப் அறையில் உதயகுமார் தனியாக இருந்தான். அவள் கதவைச் சாத்தினாள்.

"டீ குடிக்கப் போனியே அன்னைக்கு. அவங்க மேனேஜர்கிட்ட இன்னா பேசினே?"

அவன் இல்லையென்று சொல்வான் என்று எதிர்பார்த்தாள். அவன் சீப்பை எடுத்துத் தலையை வாரினான்.

"நேஷனல் லீக்ல தமிழ் கமெண்ட்ரிக்கு ஆள் எடுக்கறாங்க. அந்த மேனேஜர் மச்சான்தான் முடிவு பண்றவரு. மேனேஜர்கிட்ட அதப் பத்தி பேசிக்கினு இருந்தப்ப, துளசிய எப்படி நிறுத்தறதுன்னு பொலம்பினாரு. வாயில வந்துடுச்சு. இவ்ளோ பெருசா ஆவும்னு எனக்கு இன்னா தெரியும்?"

"அவ கால் போயிடுச்சு உதயா."

"நானா ஒடச்சேன்? ஆடக்கூடாதுன்னு தெரிஞ்சும் ஆடினா. தெரிஞ்சும் நீ ஆட உட்டே." அவன் குரல் உயரவேயில்லை. "ரகசியம்னா நீயே வெச்சுக்கினு இருந்திருக்கணும் புவனா. என்கிட்ட ஏன் சொன்னே?"

அவன் விடாமல் பேசினான்.

"ஆறு வருஷம் உன் கையால அறை வாங்கினேன். அவார்டு உனக்கு. இங்கயும் மைக் உனக்கு, பேனா எனக்கு. யாரப் பாத்தாலும், புவனா மேடம்தான் உங்களக் கொண்டாந்தாங்களாமேன்னு கேக்கறான். நீ போட்ட பிச்சையில எவ்ளோ நாள் ஒக்காந்திருக்கறது?"

"பிச்சைன்னு நான் நெனச்சதில்ல."

"நீ நெனைக்க மாட்டே. நாந்தான் தெனம் நெனச்சேன்."

அந்த முகத்தை அவள் இத்தனை வருடம் இத்தனை அருகில் பார்த்திருக்கிறாள். அறைக்காகக் கன்னத்தைக் காட்டி நிற்கும்போதெல்லாம் அதன் உள்ளே இதுதான் இருந்ததா என்று யோசித்தாள். வாசலில் கேமராக்காரர் கூப்பிட்டார்.

நேரலை தொடங்கியது. நடுவில் உதயகுமார், பக்கத்தில் அவள். கையில் எழுதிக் கொடுத்த தாள். 'என்னையறியாமல் வாய் தவறி' என்று தொடங்கியது அது. அவள் தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"துளசி என்னை நம்பி ஒரு விஷயம் சொன்னா. நான் அதை எதிரணியில யார்கிட்டயும் சொல்லல. ஆனா அன்னைக்கு மதியம், இதே அரங்கத்துல, மேக்கப் அறையில இன்னொருத்தர்கிட்ட சொன்னேன். அவர் அதை எங்க கொண்டு போனாருன்னு அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். பேரச் சொல்ல மாட்டேன். அதைச் சொன்னா யார் சொல்லித் தெரிஞ்சுதுன்னு தேடுவாங்க, தப்பு பண்ணாத ஒரு பொண்ணு வாழ்க்கை கெடும். துளசிகிட்ட ஒண்ணு மட்டும் சொல்லணும். நம்பிச் சொன்னதை நான் வெளிய விட்டது தப்பு. எவ்ளோ நம்பிக்கையானவர்கிட்ட சொன்னாலும் அது தப்புதான்."

உதயகுமாரின் கண்கள் ஈரமாயின. அவன் அவள் கையைத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டு கேமராவைப் பார்த்தான். "பாருங்க, எவ்ளோ மனசு உடைஞ்சு போயிருக்காங்க. இந்த நேரத்துல அவங்க சொல்றத பெருசா எடுத்துக்க வேணாம். வாங்க, இறுதிப் போட்டிக்குப் போகலாம்."

கீழே ஓடிய கருத்துகளைத் தன்வீர் அவளிடமிருந்து மறைக்கப் பார்த்தான். அவள் போனை வாங்கிப் படித்தாள். 'குணவதி திரும்ப வந்துட்டா.' 'பழிய யார் மேலயோ போடுறா பாரு.' 'நல்லா நடிக்கிறாங்க, இந்தத் தடவையும் அவார்டு உண்டு.' பத்தொன்பது வருடம் அவள் சொன்ன பொய்களை நிஜமென்று நம்பிக் கோபப்பட்டவர்கள், அவள் தன்னைப் பற்றி ஒரே ஒருமுறை கேமரா முன்னால் உண்மையைச் சொன்னபோது அதை நடிப்பு என்றார்கள்.

"எனக்குப் புரியுது மேடம்" என்றான் தன்வீர். "அன்னைக்கு அந்த ரூம்ல ரெண்டே பேருதான. ஆனா நான் ஒண்ணியும் பண்ண முடியாது." அவன் தலையைக் குனிந்துகொண்டான். அடுத்த வாரம் அவளுடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை என்று அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. அதில் அவன் கையெழுத்துதான் இருந்தது.

துளசிக்கு ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு, புவனேஸ்வரி ராமலிங்கத்தின் பைக்கில் முசரவாக்கம் போனாள். அவர் தெருமுனையில் நின்றுகொண்டார். மணியம்மாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துவிட்டு, வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

துளசி உள்ளே கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கால் முழுக்க இரும்புக் கம்பி வைத்த பட்டை.

"டிவில பாத்தேன்" என்றாள். "யார்கிட்ட சொன்னீங்க?"

"உதயகுமார்கிட்ட."

"நெனச்சேன். அவரும் வந்துட்டுப் போனாரு. ஆப்பிள் வாங்கிக்கினு வந்தாரு. எங்கம்மா கையப் புடிச்சிக்கினு அழுதாரு."

"துளசி, அவன் இப்படிப் பண்ணுவான்னு நான் கனவுலயும் நெனைக்கல. உன் நல்லதுக்குத்தான் சொன்னேன். அவன் படம் போட்டுக் காட்டிடக் கூடாதேன்னு."

துளசி பட்டையின் கொக்கியை அவிழ்த்து மறுபடி மாட்டினாள். "அவர எனக்குத் தெரியாதுக்கா. தெரியாதவர் பண்ணினதுக்கு நான் இன்னான்னு கோவப்படறது? அந்த ரேவதி, அவ ஆட்டம் அவ ஆடினா. எனக்கு உங்களத்தான் தெரியும். உங்ககிட்ட மட்டுந்தான் சொன்னேன்."

தன்னை ஒருவன் ஏமாற்றிவிட்டான் என்ற ஆத்திரத்தோடுதான் புவனேஸ்வரி அந்த வீட்டுக்குள் வந்திருந்தாள். அதைச் சொல்லி அழலாம் என்றுகூட உள்ளுக்குள் ஓர் எண்ணம் இருந்தது. இங்கே அதற்கு இடமில்லை என்று இப்போது தெரிந்தது. புவனேஸ்வரிக்கு உதயகுமார் எப்படியோ, இந்தக் கட்டிலில் உட்கார்ந்திருப்பவளுக்குப் புவனேஸ்வரி அப்படித்தான்.

"நான் கெளம்பறேன்மா" என்றாள். துளசி தலையை ஆட்டினாள்.

தெருமுனையில் ராமலிங்கம் பைக்கை எடுத்தார். வீட்டுக்கு வந்து சோறு போட்டு, அவள் சாப்பிடுகிறவரை எதிரில் உட்கார்ந்திருந்தார்.

அடுத்த மாதமே ஒரு புதுத் தொடரில் கூப்பிட்டார்கள். சித்தி வேடம், சொத்துக்காக அக்கா மகளைக் கிணற்றில் தள்ளுகிறவள். "இப்போ உங்க முகத்துக்கு ஒரு தனி மார்க்கெட் இருக்குது மேடம்" என்று அந்த இளம் இயக்குநர் மறைக்காமல் சொன்னான். முதல் நாள் மறுத்தாள். நான்காவது நாள் ஒத்துக்கொண்டாள். வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க அவளால் முடியவில்லை. மறுபடி காலை ஐந்து மணி பஸ்.

ஆண்களுக்கான நேஷனல் கபடி லீக் தொடங்கியது. தமிழ் வர்ணனையில் உதயகுமாரின் குரல். ராமலிங்கம் ரிமோட்டை எடுத்தபோது, "இருக்கட்டும்" என்றாள். அவன் நன்றாகவே பேசினான். "தோளைத்தான் காட்டுறாரு, காலை மறைக்கிறாரு" என்றான். அது அவளுடைய வாக்கியம். 'காட்டுறா' 'காட்டுறாரு' ஆனதைத் தவிர ஒரு வார்த்தையும் மாறவில்லை. அவள் எழுந்து சமையலறைக்குப் போய், அடுப்பை ஏற்றாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள்.

மறுநாள் படப்பிடிப்பில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போன் அடித்தது. துளசி. மூன்று மாதமாகப் பேசாதவள், நலம்கூட விசாரிக்காமல் ஆரம்பித்தாள்.

"நேத்து மேட்ச் பாத்தீங்களா? கடைசி ரெண்டு நிமிஷத்துல கார்னர் ஒரு பிடி போட்டானே. அந்தாளு அத தொடைப்பிடின்னு சொல்லிக்கினு இருக்குறாரு. அது தொடைப்பிடியா?"

"இல்லம்மா. கணுக்கால்ல ஆரம்பிச்சு, அவன் எகிறினதும் மேல ஏறிட்டான்."

"அதான். கை மாறினதப் பாத்தீங்களா? வலது கை மொதல்ல உட்டுடுச்சு."

"பாத்தேன். இடது கைதான் கடைசிவரைக்கும் நின்னுச்சு. அவன் தப்பிச்சிருக்கலாம், லைனப் பாக்காம நடுவரப் பாத்தான்."

"அத யாருமே சொல்லல."

பத்து நிமிடம் அந்த ஒரு பிடியைப் பற்றியே பேசினார்கள். யார் எங்கே நின்றிருக்க வேண்டும், எந்தக் காலை முன்னால் வைத்திருக்க வேண்டும் என்று. முட்டியைப் பற்றி இருவரும் பேசவில்லை. உதவி இயக்குநர் வந்து ஷாட் ரெடி என்றான். அந்தப் பக்கம் துளசி, "சரி, வெச்சுடறேன்" என்று வைத்துவிட்டாள்.

பேச்சு முழுக்க அவள் ஒரு தடவைகூட அக்கா என்று கூப்பிடவில்லை என்பது, விளக்குகளுக்கு நடுவில் போய் நின்ற பிறகுதான் புவனேஸ்வரிக்கு உறைத்தது.